தைராய்டு ஆபரேஷன் தழும்பு நாலு மாதம் கழித்துத் தடிக்கிறது, யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஆவாரம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 29. தைராய்டில் கட்டி இருந்ததால் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்துவிட்டது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அவ்வளவுதான். அதெல்லாம் நல்லபடியாகப் போகிறது. என் கவலை தழும்புதான்.

தையல் பிரித்த பிறகு முதல் ஒரு மாதம் மெல்லிய கோடாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "தெரியவே இல்லையே" என்றார்கள், எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆறேழு வாரம் ஆனதும் மெதுவாகப் புடைக்க ஆரம்பித்தது. இப்போது நாலு மாதம் ஆகிறது, கருஞ்சிவப்பாக, கயிறு மாதிரி தடித்து நிற்கிறது. நடுவில்தான் அதிகம், இரண்டு ஓரமும் பரவாயில்லை. வேர்த்தால் அரிப்பு தாங்க முடியவில்லை, இரவில் தூக்கத்திலேயே சொறிந்துவிடுகிறேன். தண்ணீர் விழுங்கும்போது தழும்பும் கூடவே மேலே ஏறி இறங்குவது கண்ணாடியில் தெரிகிறது. அதற்கு மேலே தாடை வரைக்கும் தொட்டால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. தாலிச் சங்கிலி வேறு அந்த இடத்திலேயே வந்து உரசுகிறது.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டினேன். ஒரு வருடம் ஆகும், பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கருவாடும் கத்தரிக்காயும் சாப்பிட்டதால்தான் என்கிறார் மாமியார். வைட்டமின் இ மாத்திரையை ஊசியால் குத்தித் தடவச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்தால் கோடே தெரியாது, பிளாஸ்டிக் சர்ஜரியில் செய்வார்கள் என்று என் அத்தை அடித்துச் சொல்கிறார். என் அம்மாவுக்கு மேல் காது குத்திய இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு உருண்டை பல வருடமாக இருக்கிறது, அது நினைவுக்கு வந்ததிலிருந்து எனக்குப் பயம் கூடிவிட்டது.

இது இன்னும் வளருமா, தானாக அடங்குமா? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? பள்ளியில் பாடம் எடுக்கிறேன், பிள்ளைகள் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள்.

செம்பருத்தி:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூணு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரைதான் தழும்பு பார்க்க மிக மோசமாக இருக்கும் காலம். அந்த நேரத்தில் கண்ணாடியைப் பார்த்து, இனிமேல் இப்படியேதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். முதல் தழும்பு நீங்கள் சொல்கிற மாதிரியேதான் நடந்துகொண்டது. பையன் குப்புற விழுகிற சமயத்தில் நல்ல சிவப்பாகப் புடைத்திருந்தது, உள்ளாடை எலாஸ்டிக் சரியாக அதன் மேலேயே பட்டுப் பட்டு எரியும். அவன் ஓடியாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் குளிக்கும்போது தடவிப் பார்த்தால் தட்டையாகிவிட்டிருந்தது, எப்போது அடங்கியது என்றே எனக்குத் தெரியாது. நிறம் மட்டும் ரொம்ப நாள் கறுப்பாக நின்றது. இப்போது என் தோலைவிட வெளிறிய ஒரு கோடு. இரண்டாவது தடவை அதே கோட்டிலேயே வெட்டிப் பழைய தழும்பை எடுத்துவிட்டுத் தைத்தார்கள், அதுவும் இதே மாதிரிதான் ஏறி இறங்கியது.

மரத்துப்போவது பற்றி: கத்தி தோலை வெட்டும்போது அதில் ஓடும் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன, அவை மெதுவாகத்தான் திரும்ப வளரும். எனக்குத் தழும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சியே இல்லாமல் இருந்தது. உணர்ச்சி திரும்பும்போது சுருக் சுருக்கென்று கரண்ட் அடிக்கிற மாதிரி வரும், அதை வலி என்று பயப்பட வேண்டாம். ஒரு சின்ன இடத்தில் மட்டும் இன்னும் திரும்பவில்லை, அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

சிசேரியன் ஆன வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று. தழும்புக்குள்ளேயோ பக்கத்திலேயோ ஒரு கட்டி தட்டுப்பட்டு, அது மாதவிலக்கு வரும்போதெல்லாம் வலித்தால், வெறும் தழும்பு வலி என்று விட்டுவிடாதீர்கள். கருப்பையின் உள்சவ்வு அங்கே ஒட்டி வளர்வதால் அப்படி வரும், ஸ்கேனில் தெரியும். என் தோழிக்கு அதைக் கண்டுபிடிக்கவே வருடக்கணக்காகிவிட்டது.

வார்டு சிஸ்டர்:

அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் "ஒரு வருடம் பொறுங்கள்" என்று சொன்னது சரிதான். ஏன் என்று சொல்லாமல் விட்டுவிட்டார், அதுதான் குறை. ஏன் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வெட்டின இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்கள் வெள்ளையணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அப்புறப்படுத்துகின்றன, அதனால்தான் முதல் வாரம் லேசான வீக்கமும் சூடும் இருக்கும். பிறகு உடம்பு அவசர அவசரமாக அந்த இடைவெளியைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் நிரப்புகிறது. மூன்று வாரத்துக்குள் இந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும், வெளியே பார்த்தால் புண் ஆறிவிட்டது. ஆனால் இந்த மூன்றாவது வாரத்தில்தான் உள்ளே நீளமான வேலையே ஆரம்பிக்கிறது. அவசரத்தில் போட்ட கொலாஜனைக் கரைத்துவிட்டு உறுதியான இன்னொரு வகைக் கொலாஜனை உடம்பு மாற்றிப் போடுகிறது. ஒரு பக்கம் கட்டுகிறது, மறுபக்கம் உடைக்கிறது, இது ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட நடக்கும். கட்டுகிற வேகம் உடைக்கிற வேகத்தைவிடக் கூடினால் தழும்பு புடைக்கும். அங்கே ரத்த ஓட்டமும் அதிகமாக இருப்பதால் சிவப்பு, நம் நிறத்துக்குக் கருஞ்சிவப்பு அல்லது ஊதா. வேலை முடிய முடிய ரத்தக் குழாய்கள் குறையும், நிறம் இறங்கும்.

பலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதில் ஏமாந்துபோகிறார்கள். தையல் பிரிக்கிற நாளில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. மூன்று மாதத்தில் 80 விழுக்காடு வரை வரும், அதற்கு மேல் வாழ்நாள் முழுக்க ஏறாது. வயிற்று ஆபரேஷன் ஆனவர்கள் "ஆறிவிட்டது" என்று சீக்கிரமே குடத்தைத் தூக்கிவிட்டுக் குடலிறக்கத்தோடு திரும்பி வருவதை நான் வார்டில் அடிக்கடி பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும்.

தழும்புத் தோலில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை, முடியும் முளைக்காது. அதனால் அது சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்தால் அரிக்கும். வாசனையில்லாத ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர் அல்லது வாஸ்லைன் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை தடவுங்கள். அரித்தால் சொறியாமல் ஈரத் துணியை வைத்து அழுத்துங்கள். இரவில் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு படுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் உங்கள் மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். கருவாடும் கத்தரிக்காயும் தழும்பைத் தடிக்க வைக்காது. ஒருவருக்குக் கத்தரிக்காய் ஒவ்வாமை இருந்தால் அவர் தவிர்க்கட்டும், அது வேறு. பத்தியம் என்ற பேரில் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோறு மட்டும் கொடுப்பதைத்தான் நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பேன். கொலாஜனே புரதம்தான், புரதம் இல்லாமல் உடம்பு எதை வைத்து ஆற்றும்? சுகர் உள்ளவர்களுக்குச் சுகர் கட்டுப்பாடும், பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு அதை நிறுத்துவதும் எந்த களிம்பைவிடவும் முக்கியம்.

நூலகத் திண்ணை:

சிஸ்டர் சொன்ன கட்டுவதும் உடைப்பதும் ஒரு வருடத்தோடு முற்றிலும் நின்றுவிடுவதில்லை, மெதுவாக ஆயுள் முழுக்க நடக்கிறது. இதற்கு வரலாற்றில் ஒரு சாட்சி இருக்கிறது, எனக்கு மறக்கவே மறக்காது. 1740இல் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி கப்பல்களோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். வழியில் மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற, வைட்டமின் சி குறைவால் வரும் நோய் கண்டது, கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அவர்களில் ஒரு வயதானவர் 1690இல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் காயம்பட்டவர். காயம் ஆறி ஐம்பது வருடம் ஆகிவிட்டது. கப்பலில் அந்தப் பழைய தழும்பு புதுப் புண் மாதிரி திரும்பப் பிளந்துகொண்டது என்று அந்தப் பயணக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

வைட்டமின் சி இல்லாவிட்டால் உடம்பால் சரியான கொலாஜனைப் போட முடியாது. உடைக்கிற வேலை மட்டும் நிற்காமல் நடந்ததால் ஐம்பது வருடத் தழும்பும் விட்டுவிட்டது. நம் சாப்பாட்டில் நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எல்லாம் மலிவாகக் கிடைக்கும்போது இதற்கு மாத்திரை தேவையில்லை. ஆனால் பத்தியத்தில் புளிப்பு கூடாது என்று பழத்தையும் சேர்த்து நிறுத்துகிற வீடுகள் இருக்கின்றன, அதற்காகச் சொன்னேன்.

வெயில்காலம்:

எனக்கு வைட்டமின் இ நன்றாகவே வேலை செய்தது. குடல்வால் ஆபரேஷன் தழும்பு ஒரு வருடத்தில் நன்றாக மங்கிவிட்டது. கற்றாழையும் சேர்த்துத் தடவினேன். முயற்சி பண்ணிப் பாருங்கள் சகோதரி.

கரிசல்காட்டான்:

உங்கள் அத்தை சொல்வதை மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். அவசரமாக வெட்டிவிடாதீர்கள். இதற்காகவே லாகின் பண்ணி எழுதுகிறேன்.

என் தம்பிக்குப் பதினைந்து வயதில் இதயத்தில் ஓட்டை அடைக்க நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தான், அந்த டாக்டர்களை நாங்கள் தினமும் நினைக்கிறோம். ஆறேழு மாதம் கழித்துத் தழும்பின் மேல்பகுதி வளரத் தொடங்கியது. தையல் போட்ட கோட்டோடு நிற்கவில்லை, நல்ல தோலுக்குள்ளும் இரண்டு பக்கமும் ஏறியது. சட்டை பட்டாலே வலிக்கும், பையன் பள்ளியில் விளையாடுவதையே விட்டுவிட்டான். டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். சின்ன வேலைதான், வெட்டிவிட்டால் போய்விடும் என்று சொல்லி வெட்டினார்கள். அதன் பிறகு ஊசி வேண்டும் என்றோ, திரும்ப வரும் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருடத்துக்குள் முன்னைவிடப் பெரிதாக, கெட்டியாகத் திரும்பி வந்துவிட்டது. அந்த வயதில் அவன் அழுததைப் பார்த்தவர்கள் யாருக்கும் இது அழகுப் பிரச்சினை என்று சொல்ல வாய் வராது.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போனோம். அங்கே தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், மாதத்துக்கு ஒருதரம். வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். கெட்டியான தழும்புக்குள் மருந்தை ஏற்றுவதே ஒரு போராட்டம், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பான். ஆனால் முதலில் அரிப்பு போனது, அப்புறம் வலி போனது, பிறகுதான் தட்டையாக ஆரம்பித்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறான், கைப்பந்து ஆடுகிறான். தழும்பு இருக்கிறது, சில இடத்தில் தோல் வெளுத்திருக்கிறது, வளர்ச்சி நின்றுவிட்டது.

தோல் மருத்துவர்:

தோல் பிரிவில் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் ஆவாரம்பூ எழுதியதில் நல்ல குறிப்புகள் இருக்கின்றன, அதை வைத்துச் சொல்கிறேன்.

தடிக்கும் தழும்பில் இரண்டு வகை. ஒன்று வெட்டிய கோட்டின் எல்லைக்குள்ளேயே புடைப்பது. இது ஒன்று இரண்டு மாதத்தில் தொடங்கி, ஆறு மாதம் வரை ஏறி, பிறகு ஒன்று இரண்டு வருடத்தில் பெரும்பாலும் தானாக இறங்கும். மற்றது கெலாய்டு. இது எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவும், சில மாதமோ சில வருடமோ கழித்துக்கூடத் தொடங்கும், தானாக இறங்காது. கரிசல்காட்டானின் தம்பிக்கு வந்தது இரண்டாவது என்றுதான் தோன்றுகிறது. உங்களுடையது தொடங்கிய காலத்தையும், இரண்டு ஓரம் பரவாயில்லை என்று சொல்வதையும் பார்த்தால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் அம்மாவின் காதில் இருக்கும் உருண்டையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது பெரும்பாலும் கெலாய்டுதான், அந்தத் தன்மை குடும்பத்தில் வரும். வெளிர் நிறத் தோலைவிட நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலுக்கு வாய்ப்பு அதிகம், பத்து வயது முதல் முப்பது வரை இன்னும் அதிகம். உடம்பில் இடமும் கணக்கு: நெஞ்சின் நடு, தோள், மேல்முதுகு, காது மடல் இவை மோசமான இடங்கள். கழுத்தின் முன்பக்கம் அந்த அளவுக்கு இல்லை, என்றாலும் தழும்பு கீழே நெஞ்செலும்புக் குழியை ஒட்டி இருந்தால் இழுவை கூடும், தடிப்பதும் கூடும்.

இழுவை பற்றி ஒரு வார்த்தை. வியன்னாவில் கார்ல் லாங்கர் என்பவர் 1861இல், இறந்தவர்களின் தோலில் உருண்டை முனையுள்ள கம்பியால் குத்திப் பார்த்தார். துளை வட்டமாக நிற்காமல் ஒரு பக்கமாக நீண்டது, உடம்பின் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு திசையில். தோலுக்கென்று இழுவைக் கோடுகள் இருக்கின்றன, அதன் வழியே வெட்டினால் தழும்பு மெலிதாக ஆறும், குறுக்கே வெட்டினால் அகலமாகும். தைராய்டு அறுவையை ஆபத்தில்லாததாக மாற்றி 1909இல் நோபல் பரிசு பெற்ற சுவிஸ் நாட்டு தியோடர் கோக்கர் கழுத்தில் குறுக்காக, காலர் மாதிரி வெட்டும் முறையை நிலைபெறச் செய்தார். உங்களுக்கும் அப்படித்தான் வெட்டியிருப்பார்கள். நெஞ்சைத் திறக்கும் அறுவையில் அந்த வசதி கிடையாது, நெட்டுக்குத்தாகத்தான் வெட்ட முடியும், ஒவ்வொரு மூச்சுக்கும் கையசைவுக்கும் அந்தத் தோல் இழுபடும்.

இனி செய்ய வேண்டியது. இன்றைக்கே ஒரு அளவுகோலைத் தழும்புக்குப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில். தினமும் கண்ணாடியில் பார்ப்பது குழப்பத்தைத்தான் தரும், அகலம் கூடுகிறதா என்பதைப் போட்டோதான் காட்டும். எல்லையைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது.

சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் ஷீட் உடனே தொடங்கலாம். இது தழும்பின் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, அதனால் கொலாஜன் போடும் வேகம் குறைகிறது என்பதுதான் விளக்கம். ஆராய்ச்சி ஆதாரம் மிக வலுவானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆபத்தில்லாதது, அரிப்பை நன்றாகக் குறைக்கும். ஒரு நாளைக்குக் குறைந்தது 12 மணி நேரம், குறைந்தது மூன்று மாதம். இரண்டு வாரம் போட்டுவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துகிறவர்களே அதிகம். கையில் காசு இல்லையென்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் பேப்பர் டேப்பைத் தழும்பின் நீளத்துக்கு ஒட்டிவைப்பதுகூட இழுவையைக் குறைக்கும்.

வெயில் படக் கூடாது. புதுத் தழும்பு வெயிலில் கறுத்தால் அந்தக் கறுப்பு புடைப்பு அடங்கிய பிறகும் நெடுநாள் நிற்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், அல்லது துப்பட்டா, குடை.

இரண்டு மூன்று மாதத்தில் இறங்கவில்லை, அல்லது அரிப்பும் வலியும் தூங்கவிடவில்லை என்றால், தழும்புக்குள் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, சில தடவைகள். அளவு கூடினால் அந்த இடம் குழிந்துபோகலாம், நிறம் வெளுக்கலாம், நம் தோலில் அந்த வெளுப்பு நன்றாகத் தெரியும். அதனால் அனுபவமுள்ள தோல் மருத்துவரிடம் மட்டும் போடுங்கள். சுகர் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வெட்டுவது பற்றி கரிசல்காட்டான் சொன்னதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். கெலாய்டை வெட்டி மட்டும் விட்டால் 45 முதல் 100 விழுக்காடு வரை திரும்ப வருகிறது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கூடவே ஊசி அல்லது உடனடியாகக் கதிர்வீச்சு என்று திட்டம் போட்டுத்தான் வெட்ட வேண்டும், 29 வயதுப் பெண்ணின் கழுத்துக்குக் கதிர்வீச்சை நான் எளிதில் சொல்ல மாட்டேன். சாதாரணத் தழும்பைத் திருத்துவதற்குக்கூடக் குறைந்தது ஒரு வருடம் முடியட்டும் என்றுதான் பிளாஸ்டிக் சர்ஜன்களே சொல்வார்கள்.

வெயில்காலம், உங்களுக்குத் தழும்பு மங்கியதில் மகிழ்ச்சி. ஒரு வருடத்தில் பெரும்பாலான தழும்புகள் எதுவும் தடவாமலே மங்கும். 1999இல் வந்த ஓர் ஆய்வில் ஒரே நோயாளியின் தழும்பில் பாதிக்கு வைட்டமின் இ கலந்த களிம்பும், மறுபாதிக்கு வெறும் களிம்பும் தடவினார்கள். பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே இல்லை, சிலருக்கு வைட்டமின் இ பக்கம் மோசமானது, மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. ஏற்கெனவே அரிக்கும் தழும்பில் இதைத் தடவ வேண்டாம்.

வெயில்காலம்:

சரி டாக்டர், புரிந்தது. மறுபாதியில் தடவாமல் நான் பார்க்கவில்லையே. கற்றாழை ஜெல்?

தோல் மருத்துவர்:

குளிர்ச்சியாக இருக்கும், ஒவ்வாமை இல்லாவிட்டால் தடவலாம். தழும்பைக் கரைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மடலிலிருந்து நேராக எடுத்தால் மஞ்சள் பால் சிலருக்கு எரிச்சல் கொடுக்கும், அதை வடியவிட்டுக் கழுவுங்கள்.

ஆவாரம்பூ:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. செம்பருத்தி அக்கா எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன், யாருமே எனக்கு இப்படிச் சொல்லவில்லை. அம்மாவையும் உட்கார வைத்துக் கரிசல்காட்டான் அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன், அத்தையிடம் அவரே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

இன்னும் சில கேள்விகள். எங்கள் ஊர் வெயிலுக்குக் கழுத்தில் ஷீட் நிற்குமா? விழுங்கும்போது இழுப்பதற்கு மசாஜ் செய்யலாமா? தாலியை என்ன செய்வது? அப்புறம், அடுத்த வருடம் குழந்தைக்கு யோசித்திருக்கிறோம், தழும்புக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

கைவைத்தியம் (பிசியோதெரபி):

மசாஜுக்கு நான் பதில் சொல்கிறேன். சாதாரணத் தோலில் கொலாஜன் நார்கள் பாய் பின்னியது போலக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், தழும்பில் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும், கீழே தசை மேலும் ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் அந்த ஒட்டு மூச்சுக்குழாய்க்கு முன்னால் இருக்கும் தசையோடு ஏற்படுவதால்தான் விழுங்கும்போது தோலும் கூடவே போகிறது. நிறையப் பேருக்கு இது மாதங்கள் போகப் போகத் தளர்ந்துவிடும்.

மேலே புண், கசிவு எதுவும் இல்லாமல் முழுக்க மூடியிருந்தால் செய்யலாம். கொஞ்சம் மாய்ஸ்சரைசர் எடுத்து இரண்டு விரல் நுனியைத் தழும்பின் மேல் வையுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, தோலோடு சேர்ந்து நகர வேண்டும். மேலும் கீழும், பக்கவாட்டில், சின்ன வட்டமாக. ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. விரலுக்குக் கீழே தழும்பு லேசாக வெளுக்கும் அளவு அழுத்தம் போதும். கழுத்து என்பதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தவே கூடாது, பக்கவாட்டில் துடிப்பு தெரிகிற இடத்தைத் தொட வேண்டாம். செய்த பிறகு சிவப்பும் புடைப்பும் கூடினால் நிறுத்திவிடுங்கள். மசாஜ் செய்தால் தழும்பு மறையும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன், இழுப்பு குறையும், அரிப்பு குறையும், தொடவே பயப்படுகிற பயமும் போகும். கழுத்தை மெதுவாகப் பின்னால் சாய்ப்பது, இரண்டு பக்கமும் திருப்புவது ஆகிய பயிற்சிகளையும் விடாதீர்கள். தழும்புக்குப் பயந்து குனிந்தே நடந்து தோள் வலியோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

வார்டு சிஸ்டர்:

வெயிலுக்கு ஜெல்தான் வசதி. காலையில் தடவி ஐந்து நிமிடம் காயவிட்டு, அதன் மேல் சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். ஷீட்டை இரவில் ஃபேன் காற்றில் போடுங்கள், தினமும் மிதமான சோப்பில் அதையும் கழுவுங்கள், தோலையும் கழுவுங்கள். வேர்க்குரு மாதிரி பொரிந்தால் ஓரிரு நாள் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்.

தாலியைக் கழற்றச் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம். எங்கள் வார்டில் பலர் கனமான சங்கிலியை வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் நீளமாகக் கோத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அது தழும்புக்குக் கீழே இறங்கிவிடும், பின்கழுத்திலும் பக்கத்திலும் மட்டும்தான் படும். கயிற்றுக்குப் புதிதாக மஞ்சள் பூசும்போது தழும்பில் படாமல் பாருங்கள், கடை மஞ்சளில் கலந்த சாயம் சிலருக்கு அரிப்பைக் கிளப்பும்.

சீழ், காய்ச்சல், திடீரென்று சூடும் வீக்கமும், மூடிய இடம் திறந்து கசிவது, இவற்றில் எது வந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தோல் மருத்துவர்:

கர்ப்பத்தைப் பற்றிக் கேட்டது நல்லது. கெலாய்டு தன்மை உள்ளவர்களுக்குக் கர்ப்ப காலத்தில் தழும்பு வேகமாக வளர்வதும், அரிப்பு கூடுவதும் உண்டு. அதற்காகக் குழந்தையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஊசி தேவை என்றால் கர்ப்பத்துக்கு முன்பே அந்தத் தவணைகளை முடித்துவிடலாம், அதனால் மூன்று மாதம் காத்துப் பார்க்கும் காலத்தை இன்றிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். கர்ப்பமானதும் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலிக்கானும் டேப்பும் அப்போதும் தொடரலாம். தைராய்டு மாத்திரையின் அளவைக் கர்ப்பத்துக்கு முன்பும், கர்ப்பம் தெரிந்தவுடனும் கட்டாயம் சரிபார்க்க வேண்டும், அது தழும்பைவிட மிக முக்கியம்.

பிரசவத்தில் சிசேரியன் தேவைப்பட்டால், "என் கழுத்துத் தழும்பு இப்படித் தடித்தது, அம்மாவுக்குக் காதில் கெலாய்டு இருக்கிறது" என்று முன்பே சொல்லிவிடுங்கள். இழுவை குறைவாகத் தைப்பார்கள், புண் மூடியதும் சிலிக்கானையோ டேப்பையோ தொடங்கிவிடலாம். பெண் குழந்தை பிறந்தால் காது குத்துவதைப் பற்றியும் யோசியுங்கள். குத்தத்தான் வேண்டும் என்றால் கீழ் மடலில் ஒரு துளையோடு நிறுத்துங்கள், மேல் காதில் குருத்தெலும்பு வழியாகக் குத்த வேண்டாம்.

ஆவாரம்பூ:

ஜெல் வாங்கிவிட்டேன். அளவுகோல் வைத்து முதல் போட்டோவும் எடுத்தாகிவிட்டது, நடுவில் அகலம் 4 மில்லிமீட்டர் இருக்கிறது. அடுத்த மாத போட்டோவில் கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் இங்கே வந்து சொல்கிறேன்.